நீங்கள் இல்லாத நாட்களில் உங்கள் கேம் என்ன செய்கிறது?

வேலை முடிந்து வீடு திரும்பி, சாப்பிட்டு, பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு கையில் மிஞ்சுவது ஒரு மணி நேரம். பல நாள் அதுவும் மிஞ்சாது. இப்படி இருப்பவர் எம்எம்ஓ ஆடலாமா என்று கேட்டால், பழைய ஆட்டக்காரர்கள் பலர் ‘வேண்டாம், அது நேரத்தை விழுங்கிவிடும்’ என்றுதான் சொல்வார்கள். தாராளமாக ஆடலாம் என்கிறேன் நான். எதை ஆடுவது, எப்படி ஆடுவது என்பதில்தான் கவனம் வேண்டும்.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆயிரக்கணக்கானவர்கள் இணையம் வழியாக ஒரே நேரத்தில் நுழையும் கற்பனை உலகம்தான் எம்எம்ஓ. போர்வீரன், மந்திரவாதி, வைத்தியர் என உங்களுக்குப் பிடித்த ஒரு கேரக்டரை உருவாக்கிக்கொள்கிறீர்கள். அரக்கர்களோடு சண்டை போட்டு, குவெஸ்ட்கள் எனப்படும் பணிகளை முடித்து, அனுபவப் புள்ளிகள் சேர்த்து லெவல் ஏறுகிறீர்கள். மற்ற கேம்களை நடுவில் நிறுத்திவைக்கலாம், ஒரு நாள் முடித்தும்விடலாம். இங்கே இரண்டுக்கும் வழியில்லை. கணினியை அணைத்த பிறகும் அந்த உலகம் ஓடிக்கொண்டே இருக்கும். நேரமில்லாதவர்களைத் தயங்கவைப்பது இந்த ஓயாத ஓட்டம்தான்.

அந்தத் தயக்கத்துக்கு வரலாறும் உண்டு. 1999-இல் வந்த எவர்க்வெஸ்ட்டில் கேரக்டர் செத்துப்போனால் சேர்த்த அனுபவப் புள்ளிகளில் ஒரு பகுதி போய்விடும். கவசமும் வாளும் பிணத்தோடு அங்கேயே கிடக்கும். மறுபடி அந்த இடத்துக்கு நடந்துபோய்த்தான் அவற்றை மீட்க வேண்டும். தூங்கப் போகும் நேரத்தில் செத்தால் அன்று தூக்கம் போச்சு. 2004 நவம்பரில் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் வந்து எவ்வளவோ எளிதாக்கியது. ஆனாலும் ரெய்டு என்னும் பெருங்கூட்டச் சண்டைகளில் அதன் முதல் பெரியதான மோல்டன் கோருக்கு 40 பேரை ஒரே நேரத்தில் திரட்ட வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான ஆட்டக்காரர்களிடம் ஆய்வு நடத்திய நிக் யீ, ஒருவர் வாரத்துக்குச் சராசரியாக 22 மணி நேரம் ஆடுவதாகக் கண்டறிந்தார். அது ஒரு முழுநேர வேலையில் ஏறக்குறைய பாதி.

இன்று நிலைமை அப்படியில்லை. அன்றைய இளைஞர்களுக்கு இப்போது குடும்பம் இருக்கிறது, கடன் தவணை இருக்கிறது. நிறுவனங்களும் அதற்கேற்ப மாறிவிட்டன. ஆனால் எல்லா கேமும் ஒரே அளவுக்கு மாறவில்லை. அதனால் கிராஃபிக்ஸ் எப்படி, கதை எப்படி என்று பார்ப்பதற்கு முன்னால், நான் பத்து நாள் வராமல் இருந்தால் இந்த கேம் என்னை என்ன செய்யும் என்று கேளுங்கள். பிஸியாக இருப்பவருக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இதுதான். வராத நாளுக்குத் தண்டிக்கும் கேம்கள் இருக்கின்றன, கண்டுகொள்ளாமல் விடும் கேம்கள் இருக்கின்றன. சில கேம்கள் வராததற்குப் பரிசே தருகின்றன.

பரிசு தரும் ஏற்பாட்டுக்கு வார்கிராஃப்ட்டே நல்ல உதாரணம். வெளியிடுவதற்கு முந்தைய சோதனைக் காலத்தில், ஒரே மூச்சில் நீண்ட நேரம் ஆடுகிறவர்களுக்குக் கிடைக்கும் அனுபவப் புள்ளிகள் பாதியாகக் குறையும்படி வைத்திருந்தார்கள். ‘போய் ஓய்வெடு’ என்று சொல்வதுதான் நோக்கம். சோதித்தவர்களுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. வடிவமைப்பாளர்கள் அந்தக் கணக்கை அப்படியே திருப்பிப் போட்டார்கள். சாதாரண வேகம் 100 சதவீதம், ஓய்வெடுத்து வந்தவருக்கு 200 சதவீதம் என்றார்கள். எண்கள் ஏறக்குறைய அதேதான். ஆனால் தண்டனையாக இருந்தது சலுகையாகிவிட்டது, புகாரும் நின்றது. இன்றும் அந்த முறை இருக்கிறது. ஊருக்குள் இருக்கும் சத்திரத்தில் உங்கள் கேரக்டரை விட்டுவிட்டு வெளியேறினால், ஒவ்வொரு 8 மணி நேரத்துக்கும் ஒரு லெவலில் 5 சதவீதம் அளவுக்கு ஓய்வுச் சலுகை சேரும். அதிகபட்சம் ஒன்றரை லெவல் அளவுக்குச் சேர்த்துவைக்கலாம். அது தீரும்வரை கொல்லும் ஒவ்வொரு அரக்கனுக்கும் இரட்டிப்புப் புள்ளி. காட்டு வழியில் அப்படியே வெளியேறினால் இதே சலுகை நாலில் ஒரு பங்கு வேகத்தில்தான் சேரும். ஆகவே கணினியை அணைப்பதற்கு முன் சத்திரத்துக்கு நடப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு நாள் மட்டும் ஆடுகிறவர் லெவல் ஏறும் காலத்தில் பெரும்பாலும் இந்த இரட்டிப்பிலேயே ஓடலாம். தினமும் ஆடுகிறவருக்கு அந்த வசதி கிடையாது.

விண்வெளியில் நடக்கும் ஈவ் ஆன்லைன் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 2003-இல் தொடங்கிய அந்த கேமில் திறமைகள் சண்டையால் வளர்வதில்லை, கடிகாரத்தால் வளர்கின்றன. எந்தத் திறமை எந்த வரிசையில் என்று பட்டியல் போட்டுவிட்டு ஆபீசுக்குப் போகலாம், தூங்கலாம். உங்கள் விமானி படித்துக்கொண்டே இருப்பார். ஆனால் அந்த விண்வெளியில் மற்ற ஆட்டக்காரர்கள் உங்கள் கப்பலைச் சுட்டு நிரந்தரமாக அழித்துவிட முடியும். அந்தப் பதற்றம் பிடித்தவர்களுக்கு மட்டும் அதைச் சொல்வேன்.

பிஸியான ஒருவர் ஒரே ஒரு கேம் கேட்டால் நான் முதலில் சொல்வது கில்டு வார்ஸ் 2. 2012 ஆகஸ்டில் வந்த இந்த கேமுக்கு மாதச் சந்தா கிடையாது. சில கட்டுப்பாடுகளோடு அடிப்படை கேம் 2015 முதல் இலவசம். கூடுதல் பாகங்களை மட்டும் ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் போதும். அதைவிடப் பெரிய விஷயம், உச்ச லெவல் அன்றும் 80, இன்றும் 80. மற்ற பல கேம்களில் புதிய பாகமோ புதிய சீசனோ வந்ததும், மாதக்கணக்கில் உழைத்துச் சேர்த்த கவசம் காயலான் கடைக்குப் போய்விடும். இங்கே உச்சத் தரத்தில் ஒருமுறை வாங்கியது பல ஆண்டுகள் கழித்து வந்து பார்த்தாலும் உச்சத் தரம்தான். இரண்டு வருடம் வராமல் இருந்தாலும் நீங்கள் யாருக்கும் பின்தங்கிப் போவதில்லை.

அங்கே ஒரு இரவு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். டெக்வாட்டல் என்று ஒரு பிரம்மாண்டமான டிராகன். ஸ்பார்க்ஃபிளை ஃபென் என்ற சதுப்பு நிலத்தின் கடற்கரையில், தினமும் குறித்த நேரங்களில் அது கடலிலிருந்து எழும். அந்த நேரங்களில் ஒன்று நம் இரவு 9.30. ஒன்பதே கால் வாக்கில் நுழைந்து, வரைபடத்தில் பக்கத்துப் புள்ளியைச் சொடுக்கினால் அங்கே போய் நிற்பீர்கள். அதற்குள் கூட்டம் சேர்ந்திருக்கும். வழிநடத்துகிறவரின் தலைக்கு மேல் ஒரு சின்னம் ஒளிரும். அவர் யார், எந்த நாடு என்று யாருக்கும் தெரியாது. கேட்பவரும் இல்லை. டிராகன் எழுந்ததும் 15 நிமிடக் கடிகாரம் ஓடத் தொடங்கும். சிலர் பீரங்கிகளைப் பிடித்துக்கொள்வார்கள். மற்றவர்கள் காலடியில் திரண்டு வெட்டுவார்கள். தரையோடு அலை ஒன்று பாய்ந்து வரும், சரியான நொடியில் குதித்தால் தப்பலாம். குதிக்கத் தவறி விழுந்தால், பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத ஒருவர் குனிந்து உங்களைத் தூக்கிவிடுவார். அப்படித் தூக்கிவிடுகிறவருக்கும் கேம் புள்ளி கொடுக்கும். டிராகனின் உயிர் கால் பங்கு குறையும்போதெல்லாம் அது அடங்கும். கூட்டம் பிரிந்து ஓடி, பெரிய ஆயுதத்துக்கு மின்சாரம் தரும் பேட்டரிகளைக் காப்பாற்ற வேண்டும். கடைசியில் டிராகன் விழும்போது ஓடிவந்து அடித்த எல்லோருக்கும் தனித்தனிப் பெட்டி கிடைக்கும். ஒருவர் எடுத்ததால் மற்றவருக்கு இல்லை என்ற பேச்சே கிடையாது. பத்து மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும். யாரிடமும் முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை, நாளை வருவேன் என்று வாக்குக் கொடுக்கவும் தேவையில்லை. சதுப்பு நிலத்தை முதல் முறை மட்டும் நடந்து கண்டுபிடித்திருக்க வேண்டும். இதுபோல வேறு பல பெரிய அரக்கர்கள் ஏறத்தாழ கால் மணிக்கு ஒன்றாக உலகின் வெவ்வேறு மூலைகளில் வருவதால், 9.30-ஐத் தவறவிட்டாலும் குறையில்லை.

கதை வேண்டும் என்பவர்களுக்கு ஃபைனல் ஃபேன்டசி 14. 2010-இல் வந்த முதல் வடிவம் படுதோல்வி. அதை 2012-இல் மூடிவிட்டு, நவோகி யோஷிடா தலைமையில் முழுவதுமாகத் திருத்தி எழுதி 2013 ஆகஸ்டில் மறுபடி வெளியிட்டார்கள். இன்று அது இந்த வகையின் தலைசிறந்த கேம்களில் ஒன்று. அந்த யோஷிடா பல முறை வெளிப்படையாகச் சொன்ன விஷயம் ஒன்று உண்டு. புதிய கதை வந்ததும் ஆடுங்கள், முடிந்ததும் சந்தாவை நிறுத்திவிட்டு வேறு கேம் ஆடுங்கள், அடுத்த பகுதி வரும்போது திரும்பி வாருங்கள் என்கிறார். சந்தா வாங்கும் கேமின் இயக்குநரே இப்படிச் சொல்வது எனக்குப் பெரிய மரியாதையாகத் தெரிகிறது. கேமும் அதற்கேற்பத்தான் இருக்கிறது. நீங்கள் விட்ட இடத்தில் கதை அப்படியே காத்திருக்கும். பிரதான கதையில் வரும் டஞ்சன்களுக்கு, அதாவது நான்கு பேர் குழுவாக நுழைந்து சண்டையிடும் இடங்களுக்கு, ஆள் தேட வேண்டாம், கணினியே இயக்கும் துணைவர்களோடு போகலாம். நடுவில் கதவு தட்டப்பட்டு ஒரு காட்சியைத் தவறவிட்டால், சத்திர அறையில் இருக்கும் புத்தகத்தைத் திறந்து அதை மறுபடி பார்க்கலாம்.

இதன் இலவசச் சோதனைப் பதிப்புக்கு நாள் கணக்கே இல்லை. 2023 அக்டோபர் முதல் 70-ஆவது லெவல் வரை, அதாவது முதல் கதையும் அடுத்த இரண்டு பாகங்களும் இலவசம். வாரம் சில மணி நேரம் ஆடுகிறவருக்கு அதுவே நெடுங்காலத்துக்கு வரும். ஆனால் ஒருமுறை காசு கட்டி முழுப் பதிப்புக்கு மாறினால் அந்த அக்கவுன்ட்டில் மறுபடி இலவசத்துக்குத் திரும்ப முடியாது. ஆசைப்பட்டு அவசரமாக வாங்கிவிடாதீர்கள். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இந்த கேமில் சொந்த மனை பிடித்து வீடு கட்டலாம், ஆனால் 45 நாட்கள் உள்ளே காலடி வைக்காவிட்டால் வீடு இடிக்கப்படும். இத்தனை பெருந்தன்மையான கேமில் நேரமில்லாதவரை உறுத்தும் ஒரே முள் இது. அடுக்கு மாடிக் குடியிருப்புக்கு இந்த விதி கிடையாது, அது போதும் என்று இருந்துவிடுங்கள்.

பஸ்ஸிலும் ரயிலிலும் மட்டுமே நேரம் கிடைப்பவர்கள் ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பைப் பார்க்கலாம். 2018 முதல் போனிலும் ஓடுகிறது. கணினியில் ஆடும் அதே கேரக்டர்தான். மரம் வெட்டுவது, மீன் பிடிப்பது போன்ற வேலைகளைத் தொடங்கிவிட்டு ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கலாம். அவ்வப்போது ஒரு தட்டு தட்டினால் போதும். ஒரு கணக்கை மட்டும் மனதில் வையுங்கள். அங்கே ஒரு திறமையின் உச்சம் 99. ஆனால் 92-ஆவது லெவலைத் தொடும்போதுதான் அதற்கு வேண்டிய புள்ளிகளில் பாதி சேர்ந்திருக்கும், மீதிப் பாதி கடைசி 7 லெவல்களுக்கு. உச்சத்தைக் குறிவைத்தால் ஆண்டுகள் கரையும். எழுபதிலும் எண்பதிலும் நின்று புதிய ஊர்களையும் குவெஸ்ட்களையும் ரசிப்பவர்தான் அந்த கேமில் நிறைய பார்க்கிறார்.

இங்கே ரிச்சர்ட் பார்ட்டில் சொன்னது உதவும். 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கிய எழுத்து வடிவ உலகத்தை வளர்த்தெடுத்தவர் அவர். இந்த கேம்களின் மூதாதை அதுதான். 1996-இல் அவர் ஆட்டக்காரர்களை நான்கு வகையாகப் பிரித்தார்: சாதிப்பவர், சுற்றிப் பார்ப்பவர், பழகுபவர், மற்றவரைத் தாக்கி மகிழ்பவர். முதல் வகைக்கும் நான்காம் வகைக்கும் நேரம் கொட்ட வேண்டும், ஏனென்றால் அவர்கள் எப்போதும் வேறொருவரோடு தங்களை ஒப்பிட்டாக வேண்டும். சுற்றிப் பார்ப்பவருக்கு அரை மணி நேரத்தில் ஒரு மலைமேல் ஏறிப் பார்த்தால் அன்றைய மகிழ்ச்சி முழுமை. நேரம் குறைவானவர்கள் இரண்டாவது, மூன்றாவது வகையினரின் மனநிலையோடு உள்ளே போவது நல்லது.

தனியாக ஆடினால் எம்எம்ஓ எதற்கு என்று சிலர் கேட்பார்கள். 2006-இல் நிக் யீயும் நிக்கோலா டுஷெனோவும் மற்றும் இருவரும் வார்கிராஃப்ட்டை ஆராய்ந்தபோது, பெரும்பாலானவர்கள் நிறைய நேரம் தனியாகத்தான் ஆடுகிறார்கள் என்று கண்டார்கள். மற்றவர்கள் அவர்களுக்குப் பின்னணியாக, பார்வையாளர்களாக, அரட்டைச் சத்தமாக இருந்தார்கள். கடற்கரையில் தனியாக உட்கார்ந்திருப்பதும் பூட்டிய அறையில் தனியாக உட்கார்ந்திருப்பதும் ஒன்றாகிவிடுமா? சந்தையில் யாரோ வியாபாரம் பேசுகிறார்கள், யாரோ குதிரையில் கடந்து போகிறார்கள். அந்தச் சந்தடியில் தனியாக மீன் பிடிப்பதும் முழுமையான ஆட்டம்தான்.

கூட்டாக ஆடும்போது மட்டும் ஒரு பொறுப்பு உண்டு. வார்கிராஃப்ட் போன்ற கேமின் ஐந்து பேர் டஞ்சனில் அடியைத் தாங்குபவர் டாங்க், காயம் ஆற்றுபவர் ஹீலர், மற்றவர்கள் தாக்குபவர்கள். தாக்குபவர்களாக வர விரும்புகிறவர்கள் அதிகம் என்பதால் அவர்களுக்குக் காத்திருப்பும் அதிகம். டாங்க்கும் ஹீலரும் சீக்கிரம் உள்ளே போகலாம். முக்கால் மணி நேரம்தான் இருக்கிறது என்றால் அதில் பாதியை வரிசையில் கழிக்க மனம் வராது, ஹீலிங் கற்றுக்கொண்டால் நேரம் மிச்சம். ஆனால் டாங்க்கோ ஹீலரோ நடுவில் எழுந்து போனால் மற்ற எல்லோருடைய இரவும் நின்றுவிடும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில், மின்சாரம் போகும் ஊரில், துணைவர்களைக் கணினியே தரும் டஞ்சன்களும் டெக்வாட்டல் போன்ற பெருங்கூட்டச் சண்டைகளும்தான் நல்லது. ஒருவர் காணாமல் போனாலும் அங்கே யாருக்கும் நஷ்டமில்லை. கில்டில், அதாவது ஆட்டக்காரர்கள் அமைத்துக்கொள்ளும் குழுவில், சேர்வதாக இருந்தால், வராதவர்களை எத்தனை நாளில் நீக்குவீர்கள் என்று முதலிலேயே கேளுங்கள். குடும்பஸ்தர்கள் நடத்தும் கில்டுகள் எல்லா கேமிலும் உண்டு. ‘குழந்தை அழுகிறது’ என்று தட்டச்சு செய்தால் ‘போய்ட்டு வா’ என்று பதில் வரும் இடம்தான் உங்கள் இடம்.

இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்து ஆடுபவர்களுக்கு நேர வித்தியாசம் ஒரு சிக்கல். கில்டு வார்ஸ் 2-இன் சர்வர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும்தான் இருக்கின்றன. ஐரோப்பாவில் இரவு எட்டு மணிக்குக் கூட்டம் களைகட்டும்போது இங்கே நள்ளிரவை ஒட்டிய நேரமாக இருக்கும். அந்த நேரத்து ரெய்டுகளுக்குப் பழகினால் மறுநாள் காலை கெடும், அதனால் அந்தப் பக்கம் போகாதீர்கள். ஃபைனல் ஃபேன்டசியில் ஜப்பானிய சர்வர்கள் உண்டு. அங்கே இரவு பத்தரை என்றால் இங்கே ஏழு மணி, இது நமக்கு ஒத்துவரும். தூரத்தால் பிங், அதாவது நீங்கள் அழுத்துவது சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், கூடும், ஆனால் அது எல்லா கேமையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. ரூன்ஸ்கேப்பின் உலகம் 0.6 நொடிக்கு ஒருமுறைதான் அசைகிறது. ஃபைனல் ஃபேன்டசியில் அடிப்படை அடிகளுக்கு இடையே இரண்டரை நொடி இடைவெளி. கொஞ்சம் தாமதம் இருந்தாலும் இவை தாங்கும். மனிதரோடு மனிதர் மோதும் சண்டைகளில்தான் அது உறுத்தும். வார்கிராஃப்ட்டின் அமெரிக்க சர்வர்களுக்கு வாராந்திரப் பராமரிப்பு அவர்களின் செவ்வாய்க்கிழமை காலையில் நடக்கும், அது நமக்குச் செவ்வாய் மாலை. உங்களுக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு நாள் அதுவாக இருந்தால் யோசித்துச் சேருங்கள். பெரிய அப்டேட் வரும் நாளில் ஆபீசுக்குக் கிளம்பும் முன்பே டவுன்லோடைத் தொடங்கிவிடுங்கள், இல்லையென்றால் இருக்கும் ஒரு மணி நேரமும் சதவீதக் கோட்டைப் பார்ப்பதிலேயே போய்விடும்.

பணம் பற்றிச் சுருக்கமாக. சந்தா கட்டினால் ‘காசு வீணாகிறதே’ என்ற நினைப்பு வந்துவிடும், அதனால் தானாகப் புதுப்பிக்கும் வசதியை முதல் நாளே அணைத்துவிடுங்கள். தினமும் தலைகாட்டினால் பரிசு, ஒரு நாள் விட்டால் வரிசை அறுந்துபோகும் என்று வைத்திருக்கும் கேம்களையும், இந்த மாதத்துக்குள் முடிக்காவிட்டால் காசு கட்டி வாங்கியதே கிடைக்காது என்னும் பேட்டில் பாஸ்களையும் நான் ஒதுக்கிவிடச் சொல்வேன். அவை உங்கள் ஓய்வைக் கடமையாக்கிவிடுகின்றன. லெவலைக் காசு கொடுத்துத் தாண்டும் வசதியும் வேண்டாம். புதியவருக்கு அந்தப் பயணம்தான் கேம். நேராக உச்சத்தில் போய் இறங்கினால் இருபது பட்டன்கள் முன்னால் இருக்கும், எதை எப்போது அழுத்துவது என்று தெரியாது.

அந்தப் பட்டன் குழப்பம் நெடுநாள் கழித்துத் திரும்புபவருக்கும் வரும். பலர் கேமை ஒரேயடியாக விட்டுவிடுவது அந்த முதல் பத்து நிமிடத்தில்தான். அதற்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் பையைக் காலி செய்து, சத்திரத்தில் நின்று, அடுத்து என்ன செய்ய நினைத்தீர்கள் என்பதைப் போனில் ஒரு வரி எழுதிவையுங்கள். மாதங்கள் கழித்துத் திரும்பும்போது பாதியில் நிற்கும் பழைய குவெஸ்ட்களை எல்லாம் பார்த்து மலைக்காதீர்கள். பிரதான கதையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிடுங்கள், வேண்டும்போது மறுபடி எடுத்துக்கொள்ளலாம். பெரிய ஊர்களில் அடித்துப் பழக மரப்பொம்மைகள் நிற்கும். ஒன்றின் முன்னால் நின்று ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பாருங்கள். ஐந்தாறு பட்டன் கைக்கு வந்துவிட்டால் போதும். சண்டைக்கு அவசரம் இல்லை. அன்றைக்கு ஒரு சுலபமான பகுதியில் சுற்றிவிட்டு, டஞ்சனை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.